மெழுகு எங்கன இருக்கு?

நிணநீர்ப் புற்றுநோய் என்று சொல்லிக்கொண்டு யாராவது சுருளிராஜனைத் தேடி வந்தால், நோயாளிக்கு எப்படி இருக்கிறது என்று அவன் முதலில் கேட்பதில்லை. "சதை எடுத்து மெழுகுல பதிச்சுக் குடுத்திருப்பாகளே, அந்த மெழுகு எங்கன இருக்கு?" என்பான். ஜீப் ஓட்டுகிற ஆள் டாக்டர் மாதிரி விசாரிக்கிறானே என்று வந்தவர்கள் முழிப்பார்கள். வீட்டில் எங்கேயோ இருக்கும் என்று இழுத்தால், "முதல்ல போய் எடுத்துக் கையில வச்சுக்கங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று திருப்பி அனுப்பிவிடுவான். எத்தனை அவசரமாக வந்தவர்களானாலும் சரி.

கம்பத்தில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. இருபத்து மூன்று வருஷமாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிறான். விடிந்ததும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலை ஏறினால், சாயங்காலம் அவரவர் தெருவில் இறக்கிவிட்டுத்தான் வீடு. எந்த வளைவில் பனி இறங்கும், எந்தத் தோட்டத்துக்கு எந்தக் குறுக்குப் பாதை, எல்லாம் அத்துபடி. மலையாளமும் தண்ணிபட்ட பாடு. ஆனால் ஒரு கெட்ட குணம், யாரிடமும் வழி கேட்க மாட்டான். ஒரு தடவை குடும்பத்தோடு வைகை அணைக்குப் போனபோது ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் தப்பான ரோட்டில் திரும்பிவிட்டான். ஒரு மணி நேரம் சுற்றினான். டீக்கடைகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், இவன் நிறுத்தவே இல்லை. "அணைதான் கெடைக்கல, அப்படியே மதுரைக்குப் போயி மீனாட்சியப் பாத்துட்டு வந்துருவமா?" என்று அவன் மனைவி காமுத்தாய் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் என்ன, வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? அப்படி ஒரு வீம்பு.

காமுத்தாய் அவன் ஜீப்பில் காய் பறிக்கப் போனவள்தான். முதல் மாதம் பின்னால் உட்கார்ந்தாள், மூன்றாம் மாதம் முன்சீட்டுக்கு வந்தாள், அடுத்த தையில் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று ஜீப்புப் பெண்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வாய்த்துடுக்கானவள். வண்டியில் அவள் இருந்தால் மலை ஏறுவது தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவதை விடவில்லை. ஒரே மகள் ஓவியா தேனியில் காலேஜ் இரண்டாம் வருஷம்.

நாற்பது வயதில் காமுத்தாயின் கழுத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. நெறி கட்டியிருக்கிறது, சுண்ணாம்பைத் தடவு என்றார்கள் வண்டியில் வந்தவர்கள். தடவினாள். அமுங்கவில்லை. பிறகு ஒரு டாக்டர் காசநோய்க் கட்டி என்று மாத்திரை கொடுத்தார். நாலு மாதம் அதையும் முழுங்கினாள். கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்து, அக்குளிலும் இன்னொன்று கிளம்பி, ராத்திரியில் சேலை நனைகிற மாதிரி வேர்க்க ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். அங்கே கழுத்துக் கட்டியில் இருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா, அதிலும் அபூர்வமான ஒரு வகை என்று வந்தது. ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அன்றைக்குச் சோதனைக்கூடத்தில் இருந்த பெண் சுருளிராஜன் கையில் இரண்டு பொருட்களைக் கொடுத்தாள். ஒன்று கண்ணாடித் தகடுகள் வைத்த அட்டை. அதை அவன் ஃபைலுக்குள் செருகினான். இன்னொன்று சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வெள்ளை மெழுகு வில்லை, அதன் நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. "இது ஒண்ணுதான் இருக்கு சார், பத்திரமா வச்சுக்கங்க" என்றாள். எதற்கு என்று அவன் கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை, எதற்கும்மா என்று. கேட்கிற பழக்கம்தான் கிடையாதே பாவிக்கு.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் காமுத்தாயிடம் கொடுத்தான்.

"என்னங்க இது?"

"உன் கழுத்துல வெட்டி எடுத்தது. பத்திரமா வையி."

"ஐய, இதையெல்லாமா வீட்டுல வைக்கச் சொல்றீக?"

"வைன்னா வையேன். என்ன ஏதுன்னு நோண்டிக்கிட்டு."

அவளும் நோண்டவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள்.

மருந்து ஏற ஏறக் கட்டிகள் கரைந்தன. தலைமுடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, ஆனாலும் ஆனி மாதம் எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்த மாதம் வீடே வீடாக இருந்தது. "மொட்டைக்கு மொட்டையும் ஆச்சு, கோயிலுக்குப் போற செலவும் மிச்சம்" என்று காமுத்தாய் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். சுருளிராஜன் மறுபடி வண்டியை எடுத்தான்.

ஆடி அமாவாசைக்கு அவள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சுருளி அருவிக்குக் குளிக்கப் போனாள். அருவியில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த பழைய சேலையைத் தண்ணியோடு விட்டுவிட்டு, புதுசு மாற்றிக்கொண்டு வந்தாள். பீடை தொலையட்டும் என்று இந்தப் பக்கத்தில் பலரும் செய்வதுதான். திரும்பி வந்து எல்லாருக்கும் விபூதி பூசிவிட்டாள். முகம் தெளிந்திருந்தது.

புரட்டாசியில் மறுபடி வேர்த்தது. இந்தத் தடவை கட்டி நெஞ்சுக்குள்ளே.

மதுரை டாக்டர் நல்ல மனுசன், மறைக்கவில்லை. இந்த வகை திரும்பி வந்துவிட்டால் வழக்கமான மருந்து கேட்காது, இதை ஆராய்ச்சி பண்ணுகிற பெரிய மையங்களில் புது மருந்து பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள், நாளைக் கடத்தாதீர்கள் என்றார். நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அது இரண்டு வரி நீளம் இருந்தது.

அதிலிருந்து இரண்டு மாதம். ஓவியா படிப்பைப் போட்டுவிட்டு ஃபோனே கதியாகக் கிடந்தாள். முதலில் அகப்பட்டதெல்லாம் அமெரிக்காவும் ஜெர்மனியும். "நம்ம பஸ் போற ஊராப் பாரும்மா" என்றான் அவள் அப்பன். பிறகு மும்பை. அங்கே பேசினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இந்தியில் குரல் வந்தது. அழுத்தி அழுத்தி, கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் கிடைத்து, இங்கே ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டது, தெற்கே ஏதோ ஒரு மையத்தில் இன்னும் சேர்க்கிறார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை என்றாள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு சுருளிராஜன் சென்னைக்குப் போனான். அங்கே பார்த்த டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

வழி கேட்காத சுருளிராஜன் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் வழி கேட்டான். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டான். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டான். வண்டியில் ஏறுகிற பெண்களிடம் அந்த இரண்டு வரித் தாளை நீட்டி, உங்கள் சொந்தத்தில் யாருக்காவது இது வந்ததா என்று கேட்டான். அவர்கள் வேர் சொன்னார்கள், பச்சிலை சொன்னார்கள், அழுதார்கள். வீட்டில் காமுத்தாய் எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வழி பக்கத்து ஜீப்பில்தான் இருந்தது. அமிர்தராஜ் ராயப்பன்பட்டிக்காரர், சுருளிராஜனுக்கு மூத்தவர், இருபது வருஷப் பழக்கம்.

"ஏலே தம்பி, ஊர்ல இருக்கவக கிட்டயெல்லாம் கேட்ட, எங்கிட்டக் கேட்டியாடா? எம்மக மெர்லின் திருவனந்தபுரத்துல நர்ஸால்ல இருக்கா."

சங்கடம்தான். தினம் முகத்தில் முழிக்கிற மனிதரிடம் அழுதுவிடுவோமோ என்று அவரை மட்டும் விட்டிருந்தான். தாளைப் படம் பிடித்து மெர்லினுக்கு அனுப்பினார்கள். மறுநாளே பேசினாள்.

"சித்தப்பா, இங்கன ஒரு ஆராய்ச்சி மையத்துல இந்த நோய்க்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காக. புது மருந்துக்கு ஆள் எடுக்குறாக. இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்காம். சித்தியக் கூட்டிட்டு ஒடனே கெளம்பி வாங்க."

அன்றைக்குச் சுருளிராஜன் ஜீப்புக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அமிர்தராஜ் வெளியே நின்று யாரையும் கிட்டே விடாமல் பார்த்துக்கொண்டார்.

குமுளிக்குப் போய் பஸ் பிடித்தார்கள். காமுத்தாய் வழியெல்லாம் மகளின் மடியில் படுத்தே வந்தாள். மையத்தில் அவளை ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனபோது, டாக்டரம்மா சுருளிராஜனை உள்ளே கூப்பிட்டு ஃபைலைப் புரட்டினார். கண்ணாடித் தகடுகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதே நோய்தான் என்றார். அப்புறம் நிமிர்ந்து, "பிளாக் எவிடெ?" என்றார்.

அந்த மெழுகு வில்லை எங்கே என்கிறார் என்று புரிந்தது, அது எதற்கு என்று அவன் மலையாளத்திலேயே கேட்டான். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த நோயில் இரண்டு தினுசு உண்டு. ஒரு தினுசுக்கு இந்தப் புது மாத்திரை நன்றாகக் கேட்கிறது, மற்றதற்குக் கேட்பதில்லை. கண்ணாடித் தகட்டில் நோயின் பெயர் தெரியும், தினுசு தெரியாது. அது தெரிய வேண்டுமானால் அந்த மெழுகைப் புதிதாகச் சீவிச் சோதிக்க வேண்டும். பத்து நாளில் ஆள் சேர்க்கிற பட்டியல் மூடிவிடும்.

"வீட்டுல இருக்கும்மா, பத்திரமா இருக்கு" என்றான் தமிழில். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்தார்.

காமுத்தாயிடம் ஒரு பேப்பர் விட்டுப்போய்விட்டது, எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னான். மெழுகு என்றால் முகம் சுளிப்பாள் என்று நினைத்தான். அவளையும் ஓவியாவையும் மெர்லினிடம் ஒப்படைத்துவிட்டு அன்றே கிளம்பி, மறுநாள் காலை வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தான். சேலைகளைத் தூக்கினான். உதறினான். ஒவ்வொரு தட்டாக எல்லாவற்றையும் தரையில் இறக்கினான். டப்பா இல்லை. ஓவியாவுக்கு ஃபோன் போட்டு, அம்மாவிடம் கொடு என்றான்.

"காமு, ஒரு டப்பா குடுத்தனே, பீரோவுல வச்சியே, அது எங்கன?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"அதக் கேக்குறீகளா? அது ஆடியிலயே போயிருச்சு. அமாவாசைக்குச் சுருளிக்குப் போனேன்ல, சேலையோட முடிஞ்சு ஆத்துல விட்டுட்டேன். நோவப் போயி யாராச்சும் பீரோவுக்குள்ள பூட்டி வைப்பாகளா? சொன்னாப் பலிக்காதுன்னுதான் உங்க கிட்டச் சொல்லல." பிறகு, "எதுக்குங்க, அங்கன கேக்குறாகளா?" என்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அவனுக்கு அந்த நிமிஷம் உடைந்தது. கத்தியிருக்கலாம். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பான். அவன் தரையில் கிடந்த சேலைகளைப் பார்த்துக்கொண்டே, "இல்லத்தா, சும்மா கேட்டேன். பேப்பரத் தேடுறப்ப ஞாவகம் வந்துச்சு" என்றான்.

"நல்லாத் தேடுங்க. சாமி படத்துக்குப் பின்னால பாருங்க."

"பாக்குறேன்."

நேராகச் சுருளிக்குப் போனான். கார்த்திகை மழையில் தண்ணீர் மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் இறங்கி, கீழே பாறை இடுக்குகளில் கையை விட்டுத் துழாவினான். கந்தல் துணி வந்தது, மாலை வந்தது, ஒரு செருப்பு வந்தது. கரையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னத்தண்ணே தேடுறீக?"

"ஒரு டப்பா. சேலையில முடிஞ்சது."

"எப்ப விட்டீக?"

"ஆடி அமாவாசைக்கு."

"ஆடியில விட்டதக் கார்த்திகையில தேடுனா உண்டுமாண்ணே? அமாவாசை முடிஞ்ச மறுநாளே துணிமணியெல்லாம் அள்ளி டிராக்டர்ல கொண்டுபோயிருவாக. மேல ஏறி வாங்க, தண்ணி இழுக்குது" என்றாள். அவன் ஏறவில்லை. மதியம் வரைக்கும் துழாவினான். நகக்கண்ணெல்லாம் கிழிந்த பிறகுதான் ஏறினான்.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னான். டாக்டரம்மா மதுரைச் சோதனைக்கூடத்தோடு பேசிப் பார்த்தார். எடுத்ததே சின்னத் துணுக்கு, வேறு இல்லை என்றார்கள். புதிதாக எடுக்கலாம் என்று நெஞ்சுக்குள் இருந்த கட்டியில் ஊசியை விட்டு உறிஞ்சினார்கள். வந்ததெல்லாம் செத்த சதை, அதில் எதுவும் தெரியவில்லை. இன்னும் ஆழமாக விட்டால் ரத்தக்குழாய், அவள் உடம்பு தாங்காது. பத்தாம் நாள் பட்டியல் மூடியது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "க்ஷமிக்கணும்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? சுருளிராஜன்தான் கையெடுத்துக் கும்பிட்டான்.

வெளியே வந்ததும் ஓவியாவையும் மெர்லினையும் தனியே கூப்பிட்டான். "மெழுகு விசயம் அம்மா காதுக்குப் போகக் கூடாது. போச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றான். ஓவியா வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

காமுத்தாய் லேசுப்பட்டவளா? கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, அந்த டப்பா வேணுமாமா? அன்னைக்குக் கேட்டீகளே, அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. தப்புப் பண்ணிட்டனா?"

"தப்பா? டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். சிரிச்சாக. அது வேண்டாத சதை, விட்டதே நல்லதுன்னு சொன்னாக."

"நெசமாவா?"

"உங்கிட்டப் பொய் சொல்வனா?"

இருபது வருஷத்தில் அவளிடம் அவன் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான், எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள். இதை மட்டும் விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

வலிக்கு மருந்து கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். குமுளியில் இருந்து இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார வைக்கச் சொன்னாள். கீழே கூடலூர் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் மழையில் நனைந்து கிடந்தன. "ஊரு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

தை பிறந்து ஒன்பதாம் நாள் போனாள். அதற்கு முந்தின சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஓவியா கஞ்சி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனதும் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்கு ஆடியிலருந்து ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"வாய்க்கு ருசியாச் சாப்பிட்டேன். ஓவியாவோட சினிமாவுக்குப் போனேன். எல்லாம் அந்தச் சனியன ஆத்துல விட்டதுனால. நீங்க நாலு பேரு ஏறி எறங்குற வண்டிக்காரரு. இந்த நோவு வந்தவுகளப் பாத்தாச் சொல்லுங்க, அத வீட்டுல வைக்காதீக, சுருளியில விட்டுருங்கன்னு. அவுகளுக்கும் ரெண்டு மாசம் நல்லாருக்கும்ல. சொல்வீகளா?"

"சொல்றேன் காமு."

"சத்தியமா?"

அவள் கை நீட்டியிருந்தது. அதில் அடித்துக் கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

இரண்டு வருஷமாயிற்று. ஓவியா மறுபடி காலேஜுக்குப் போகிறாள். திருவனந்தபுரத்துக்கு வழி தெரிந்த ஆள் என்று பெரியகுளம் வரைக்கும் பெயர் பரவிவிட்டது. பஸ் நேரம், மெர்லின் நம்பர், யாரிடம் என்ன கேட்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறான். போன வாரம் சின்னமனூரில் இருந்து ராக்கையா என்று ஒருவர் வந்தார். மனைவிக்குக் கழுத்தில் கட்டி. மெழுகு எங்கன இருக்கு என்று இவன் கேட்டதும், அவர் மஞ்சள் பையில் இருந்து டப்பாவை எடுத்தார்.

"நல்ல வேளை கேட்டீக. இத வீட்டுல வைக்கக் கூடாது, ஆத்துல விட்டுருன்னு எங்கக்கா சொல்லுச்சு. அப்படியே சுருளிக்குப் போவம்னுதான் எடுத்து வந்தேன்."

சுருளிராஜன் அந்த டப்பாவை வாங்கினான். திறந்து பார்த்தான். வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. மூடி அவர் கையிலேயே வைத்து, விரல்களையும் சேர்த்து மடக்கினான்.

"விட்டுராதீக" என்றான். "யார் சொன்னாலும் விட்டுராதீக. உங்க வீட்டுக்காரம்மா உசுரே இதுக்குள்ளதான் இருக்கு. எதுக்கு எடுத்தாகன்னு அவுககிட்டயும் வெவரமாச் சொல்லி வைங்க."

ராக்கையா பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, காமுத்தாயின் படத்துக்கு முன்னால் நின்றான். யாராவது தேடி வந்துபோகிற ஒவ்வொரு தடவையும் நிற்பதுதான்.

"கோவிச்சுக்கிறாத காமு. இன்னைக்கும் மாத்தித்தான் சொன்னேன்."